பொடி உள்ளானின் காப்பு

எத்தாளை
2011 நவம்பர் 3

அன்பு மகள் ஸஃப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் உம்மாவைப் பெற்ற உம்மும்மா உம்மு குல்தூம், வலது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகமாக இருந்து எழுதுகிறேன். உனக்கும் மாப்பிள்ளை ரிஷாதுக்கும் அல்லாஹ் குறையில்லாத சுகத்தைத் தர வேண்டும்.

நீ நோர்வேக்குப் போய் ஐந்து மாதம். வெள்ளிக்கு வெள்ளி போன் எடுக்கிறாய், ஓம். ஆனால் போன் வந்தால் உன் தாஹிர் மாமா, மாமி பளீலா, பக்கத்து வீட்டார் எல்லாரும் காதை நீட்டிக்கொண்டு சுற்றி நிற்கிறார்கள். "நல்லா இரிக்கேன் உம்மும்மா" என்று நீ சொல்லும் குரலும் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். மன்னாரில் என் ஊர் எருக்கலம்பிட்டியில் ஐந்தாம் வகுப்போடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். கையை நிறுத்தவில்லை.

விசயத்துக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் உள்ள சேற்றுக்கரையில் நீ மட்டி பொறுக்கியிருக்கிறாய். அதை நிரப்பி, டொல்பின் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்குப் பத்து வீடு கட்டப்போகிறாராம் சரீப் ஹாஜியார். மரத்தில் ஓர் அரசாங்கக் கடிதம் ஒட்டியிருக்கிறது. அதில் நம் கரைக்கு வைத்த பெயர் "பயனற்ற வெறுங்கரை". நாற்பது பெண்கள் அங்கே மட்டி பொறுக்குகிறோம், கருவாடு போடுகிறோம். நாங்கள் நாற்பது பேரும் வெறும் ஆட்கள்! ஆட்சேபனை இருந்தால் சித்திரை மாத விசாரணையில் சொல்லலாமாம். நான் சொல்லப்போகிறேன்.

போன கிழமை அந்தக் கரையில் ஒரு பழைய வலையில் சிக்கி ஒரு பொடி உள்ளான் செத்துக் கிடந்தது. வருசா வருசம் ஆயிரக்கணக்கில் வந்து சேற்றைக் கொத்திக்கொண்டு ஓடுமே, அந்தக் குருவிதான். இதன் காலில் ஒரு காப்பு! ஈயம் போல ஒன்று, நெல்மணி அளவு. கற்பிட்டியில் மணிக்கூடு திருத்தும் மனுவேலிடம் கொண்டுபோனேன். அவன் கண்ணில் கண்ணாடியைச் செருகி, "எம், ஓ, எஸ், கே, டபிள்யூ, ஏ. பிறகு நம்பர்" என்றான். வீட்டுக்கு வந்து மருமகள் பளீலாவிடம் காட்டினேன். அவள் பத்தாம் வகுப்பு இங்கிலீசுக்காரி அல்லவா?

"மாமி, மொஸ்க் எண்டா இங்கிலீசில பள்ளிவாசல். அடுத்தது வா. மொஸ்க் வா! பள்ளிக்கி வா எண்டு எழுதியிரிக்கி!"

"இங்கிலீசில தொடங்கித் தமிழில முடியுதா புள்ள?"

"குருவிக் கால்ல இடம் எங்க மாமி இரிக்கி? சுருக்கித்தான் எழுதுவாங்க."

இந்தக் குருவிகள் சித்திரையில் வடக்கே பறந்து போவதை நான் மன்னாரிலேயே பார்த்திருக்கிறேன். நீ இருப்பது வடக்குக்கும் வடக்கு. அங்கே விசாரித்து எழுது. எங்கே பிறக்கிறது, என்ன தின்கிறது, யார் காப்புப் போட்டது, எல்லாம் எனக்கு வேண்டும். எழுத்தையும் நம்பரையும் பின்பக்கத்தில் பார்த்து வரைந்திருக்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு உன்னை நினைத்துக்கொண்டு வட்டிலப்பம் செய்வேன். துஆ செய்யும்,
உம்மும்மா


வார்டோ
2011 நவம்பர் 27

அன்புள்ள உம்மும்மாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் சுகம். முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. குருவியைப் பற்றி இங்கே யாரைக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நானும் மீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். ரிஷாத் இரவு வேலை, நான் பகல் வேலை. பகல் என்று பழக்கத்தில் எழுதுகிறேன். இந்தக் கிழமையிலிருந்து சூரியன் வருவதில்லை. இனி ஜனவரியில்தானாம். மத்தியானம் ஒரு மணி நேரம் வானம் நீலமாகும், அவ்வளவுதான்.

இங்கே ஒன்றுமில்லை உம்மும்மா. ஒரு மரம்கூட இல்லை. கல்லும் பனியும் கடலும்தான். வெறும் ஊர்.

எல்லாருக்கும் ஸலாம் சொல்லுங்கள்.
ஸஃப்னா


எத்தாளை
2011 டிசம்பர் 18

மகள் ஸஃப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மழை, ஈரம், கருவாடு காயவில்லை, மற்றபடி சுகம். உன் சுகத்தை நீ எழுதாவிட்டாலும் நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

கடிதம் என்று ஒரு துண்டு அனுப்பினாயே, அதை மூன்று தரம் வாசித்தேன். மூன்று தரமும் கோபம் வந்தது. "ஒன்றுமில்லை, வெறும் ஊர்." இது சரீப் ஹாஜியார் கதை, மகள். பார்க்காதவன் கதை. இங்கிருந்து போகும் குருவி அங்கே போய் என்ன, பட்டினி கிடக்கவா போகிறது? தின்ன ஒன்று இருக்கும், ஒளிய ஒன்று இருக்கும், அதைத் தின்ன இன்னொன்று இருக்கும். நீ எட்டிப் பார்க்கவில்லை. தொண்ணூறில் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை விரட்ட, ஒரே நாளில் எல்லாத்தையும் விட்டுப் படகில் ஏறி இந்தக் கற்பிட்டிக் கரையில் இறங்கினபோது எனக்கும் இது வெறும் மணலாகத்தான் தெரிந்தது. மூன்றாம் நாள் சேற்றில் காலை வைத்தேன். விரலில் மட்டி இடறியது. அன்றைக்கே கறி வைத்தேன். காலை வை, மகள்.

இங்கே நடப்பதைக் கேள். "பள்ளிக்கு வா" என்று எழுதின குருவி வந்ததாக ஊரெல்லாம் கதை. புத்தளத்திலிருந்தும் வந்து காப்பைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தைல டப்பாவில் பஞ்சு வைத்து அதில் வைத்திருக்கிறேன். சரீப் ஹாஜியாரும் வந்தார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிற ஆள், என்ன சொல்வார்? தொப்பியைச் சரி செய்துகொண்டு நின்றார். எங்கள் ஆட்சேபனைக் கடிதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஒப்பம் வைத்துவிட்டார்கள். முன்பு "அகதிப் பொம்பிளைக்கி என்னத்துக்கு ஊர்க் கதை?" என்று கேட்டவனும் வைத்தான்.

மௌலவி மட்டும் மெல்லக் கேட்டார். "உம்மா, நல்லாத் தெரியுமா உங்களுக்கு? தெரியாததைச் சொல்லிடப்படாது."

"என்ட பேத்தி வடக்கில இரிக்கா. விசாரிச்சு எழுதுவா" என்றேன்.

ஆகவே நீ விசாரித்தே ஆக வேண்டும். இன்னொன்று: சூரியனே வராத ஊரில், அது மறைந்ததும் தொழும் மஹ்ரிபை எப்போது தொழுகிறீர்கள்?

உம்மும்மா


வார்டோ
2012 ஜனவரி 24

அன்புள்ள உம்மும்மாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். சுகம். இந்தத் தடவை அந்தச் சொல்லைப் பொய்யில்லாமல் எழுதுகிறேன்.

மூன்று நாளைக்கு முன் வேலையில் நிற்கும்போது பீரங்கி வெடித்தது. நான் கத்தியைப் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே புகுந்துவிட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். இங்கேயும் கற்பிட்டியைப் போல ஒரு பழைய கோட்டை இருக்கிறது. இரண்டு மாதத்துக்குப் பிறகு சூரியன் முழுதாகத் தெரிந்தால் அங்கே பீரங்கி வெடிப்பார்களாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறையாம். எனக்குப் பக்கத்தில் மீன் வெட்டும் ரஷ்யக்காரி என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள். மலைக்கு மேலே, வட்டமாக வெட்டின தேசிக்காய்த் துண்டு போலச் சூரியன். அதைப் பார்த்து அழுதேன்.

அந்த ரஷ்யக்காரியிடம் நீங்கள் வரைந்த எழுத்தைக் காட்டினேன். அவள் ஒரே மூச்சில் வாசித்தாள்: "மஸ்க்வா!"

உம்மும்மா, அது பள்ளிவாசல் இல்லை. மொஸ்கோ. அவர்களுடைய தலைநகரம். அந்த நாட்டில் எந்த மூலையில் பறவையின் காலில் வளையம் போட்டாலும் தலைநகரின் பெயரைத்தான் பொறிப்பார்களாம். அங்கேதான் நம்பரைப் பதிந்து வைப்பார்களாம். அவள் அந்த நம்பரை எழுதி அங்கே கடிதம் போட்டிருக்கிறாள்.

பளீலா மாமியை ஏச வேண்டாம்.

காலையும் வைத்தேன். ஊர் நூலகத்தில் பறவைப் புத்தகம் இருக்கிறது. பாஷை தெரியாது, படத்தைப் பார்த்துச் சொல் சொல்லாகத் தேடுகிறேன். வடக்கின் கடைசி நிலத்தில் மரமில்லை, ஆனால் பாசி இருக்கிறது. பனியைக் குளம்பால் தோண்டி மான் அதைத் தின்னும். பனிக்குக் கீழே சுரங்கம் வைத்து எலி போல ஒரு பிராணி குடியிருக்கும். அதைத் தின்ன நரி. குளிர்காலத்தில் நரியும் வெள்ளை, காட்டுக்கோழியும் வெள்ளை. எலி குறைந்த வருசத்தில் நரி பசியில் உள்ளானின் குஞ்சுகளைத் தின்றுவிடுமாம். நான் வெறும் ஊர் என்று எழுதினதை அடித்துவிடுங்கள்.

இருட்டுக் காலத்தில், பக்கத்தில் சூரியன் வரும் ஊரின் நேரத்தை வைத்துத் தொழுகிறோம்.

ஸஃப்னா


எத்தாளை
2012 மார்ச் 14

மகள் ஸஃப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லாரும் சுகம். தாஹிர் மாமா லொறி ஓட்டுகிறான். வெயில் தொடங்கிவிட்டது, கருவாடு ஒரே நாளில் காய்கிறது. கடிதம் எழுதப் பிந்திவிட்டது. கையில் வேலை கூடிவிட்டது.

உன் நரி, எலி, மான் எல்லாம் மனப்பாடம். நரி வெள்ளையாகும் கதையைச் சொன்னால் பளீலா நம்பவில்லை.

அங்கே கருவாடு போடுகிறார்களா? எப்படி?

விசாரணை ஏப்ரல் இருபத்தைந்தாம் திகதிக்கு வைத்திருக்கிறார்கள். குருவி இங்கே எத்தனை மாதம், அங்கே எத்தனை மாதம் என்று பார்த்து எழுது. ரஷ்யக்காரிக்கும் என் ஸலாம்.

உம்மும்மா


வார்டோ
2012 ஏப்ரல் 2

அன்புள்ள உம்மும்மாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் இருவரும் சுகம், ரிஷாதுக்கு மூக்கு ஒழுகும் தடிமன் மட்டும்.

ஏழு கிழமையாகத் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். வந்த கடிதத்தில் நரி இருக்கிறது, எலி இருக்கிறது, கருவாடு இருக்கிறது. காப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீங்கள் மறக்கிற ஆள் இல்லை. அதனால் நான் கேட்கவில்லை. கேட்டதைத் தருகிறேன்.

கருவாடு: கொட் மீனைத் தலையை வெட்டி, இரண்டிரண்டாக வாலைக் கட்டி, உயரமான மரச் சட்டத்தில் தொங்கவிடுவார்கள். உப்புப் போடுவதில்லை. குளிர் காற்றிலேயே மூன்று மாதத்தில் விறகு போலக் காய்ந்துவிடும். எங்கள் ஜன்னலுக்கு முன்னால் தொங்குகிறது.

பொடி உள்ளான்: வைகாசிக் கடைசியில் வடக்குக்குப் போய்ச் சேரும். ஆடி முடிவதற்குள் பெரிய குருவிகள் திரும்பிவிடும். அதாவது இரண்டு மாதம், மிஞ்சினால் இரண்டரை. ஆவணியிலிருந்து சித்திரை வரை தெற்கே, நம் சேற்றில், எட்டு மாதம். மிச்சம் பாதையில்.

தரையில் சின்னக் குழியில் நாலு முட்டை. பெண் குருவி முதல் நாலை ஆணிடம் அடைகாக்க விட்டுவிட்டுப் போய், இன்னொரு நாலு இட்டு அதைத் தான் காக்குமாம். குஞ்சு பிறந்த அன்றே நடந்துபோய்த் தானாகத் தின்னும். இரத்தம் குடிக்கும் நுளம்பும் பூச்சியும்தான் தீன். இந்தக் குளிர் நாட்டில் கோடையில் நுளம்பு மேகம் போல வருமாம். தாயும் தகப்பனும் முன்னால் போய்விட, குஞ்சுகள் பிறகு புறப்பட்டு வழிகாட்ட ஆளில்லாமல் ஏழாயிரம் கிலோமீற்றருக்குக் கிட்டப் பறந்து வரும். ஒரு குருவியின் பாரம் நாலு சின்ன வெங்காயம்.

விசாரணையில் நீங்கள் எதைச் சொன்னாலும் நான் உங்கள் பக்கம்தான்.

ஸஃப்னா


எத்தாளை
2012 மே 4

மகள் ஸஃப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்பு சுகம். மனமும் இப்போது சுகம். நீ கேட்காமல் விட்டதற்கு இன்று பதில் எழுதுகிறேன்.

உன் ஜனவரிக் கடிதத்தை அலுமாரியில் சேலைக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஒருவருக்கும் சொல்லவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு ஒப்பமும் அந்த "மொஸ்க் வா"வுக்காக விழுந்தவை. அதை எடுத்தால் எனக்கு என்ன மிஞ்சும்? நாற்பது மட்டிப் பொம்பிளைகள். நான் பொய் சொல்லவில்லையே, சும்மாதானே இருக்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மௌலவியைக் கண்டால் மறுபக்கத்து ஒழுங்கையால் போனேன். இன்னொன்றையும் உனக்கு நான் எழுதவில்லை. தாஹிர் ஓட்டுவது சரீப் ஹாஜியாருடைய லொறி. கரையை நிரப்புகிற மண்ணை ஏற்றப்போவது என் மகன்.

பங்குனியில் ஹாஜியார் ஒரு வேலை செய்தார் பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எழும்பி நின்று, "குருவியே கூப்பிட்டிரிக்கி. அந்தக் கரையில என்ட செலவில சின்னப் பள்ளி ஒண்டு கட்டித்தாறேன்" என்றார். பள்ளி முன்னால், பத்து வீடு பின்னால்! கட்ட வேண்டுமானால் கரையை நிரப்பத்தானே வேண்டும்? எங்கள் கடிதத்தில் ஒப்பம் வைத்தவர்களே அவருக்கும் ஒப்பம் வைத்தார்கள். பள்ளி வேண்டாம் என்று எந்த வாய் சொல்லும்? நான் திருத்தாமல் விட்ட பிழை என் கழுத்திலேயே விழுந்தது.

விசாரணை கரையிலேயே நடந்தது. கூடாரம் போட்டுக் கதிரை வைத்திருந்தார்கள். விசாரணை ஐயா நல்ல மனிசன், தமிழ் கொஞ்சம் இழுத்து இழுத்துக் கதைப்பார். நான் எழும்பினதும் ஹாஜியாருடைய ஆள் ஒருவன் சொன்னான்: "ஐயா, இவ இந்த ஊர் இல்ல. தொண்ணூறில வந்த அகதி. இவவுக்கு இதில கதையில்ல."

"ஓம், வந்தவதான்" என்றேன். "இருபத்திரண்டு வருசம். நீ பிறந்து எத்தன வருசம் மகன்?"

பெண்கள் சிரித்தார்கள். அவனுக்கு இருபதுகூட இராது.

ஐயா கேட்டார். "அம்மா, அந்தக் காப்பு கொண்டுவந்ததா?"

தைல டப்பாவை மேசையில் வைத்தேன். உன் கடிதத்தையும் பக்கத்தில் வைத்தேன்.  

"ஐயா, இதில பள்ளிக்கி வா எண்டு இல்ல. மொஸ்கோ எண்டு இரிக்கி. அது ரஷ்யாவில ஒரு ஊர். எனக்கு இது மாசி மாசமே தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது என்ட பிழை. ஒப்பம் வச்ச எல்லாரிட்டயும் மாப்புக் கேக்கிறேன்."

 எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "எங்கள மடையராக்கிட்டா!" என்று ஒருத்தி. பளீலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஹாஜியார் சிரித்துக்கொண்டு, "அப்ப ஆட்சேபனை முடிஞ்சி, ஐயா" என்றார்.

மௌலவி எழும்பினார். "ஹாஜியார், உங்கட பள்ளியும் அந்த எழுத்தில நிண்டதுதானே? ஊருக்குள்ள பள்ளி இரிக்கி, இடமும் இரிக்கி. பிழையா வாசிச்ச சொல்லுக்கு மேல பள்ளி கட்ட நான் வரமாட்டேன்." ஹாஜியாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

அதற்குப் பிறகுதான் நான் கதைத்தேன், மகள். எழுதி வாசிக்கவில்லை, எல்லாம் மனப்பாடம். பனிக்குக் கீழே சுரங்கம் வைக்கும் எலியைச் சொன்னேன், வெள்ளை நரியைச் சொன்னேன், மேகம் போல வரும் நுளம்பைச் சொன்னேன். நாலு வெங்காயப் பாரம் ஏழாயிரம் கிலோமீற்றர் வருவதைச் சொன்னேன். ஆம்பிளைக் குருவி அடைகாக்கிறதைச் சொல்லும்போது தாஹிரைப் பார்த்தே சொன்னேன். "நாங்க எருக்கலம்பிட்டியில இதைச் சுட்டும் தின்டிருக்கோம், ஐயா. தெரியாமத் தின்டோம். இப்பத் தெரியும்" என்றும் சொன்னேன்.

ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "ஆனா அம்மா, இது விருந்தாளிக் குருவிதானே? இங்க இல்லாட்டி வேற இடத்துக்குப் போகும்தானே?"

அந்தச் சொல் எனக்குச் சுட்டது. இருபத்திரண்டு வருசமாக நான் கேட்கும் சொல்.

"ஐயாவுக்கு ஒரு கேள்வி. ஒரு மனிசன் ரெண்டு மாசம் ஒரு ஊட்டில, எட்டு மாசம் இன்னொரு ஊட்டில இருந்தா, எந்த ஊட்டில அவன் விருந்தாளி?"

"ரெண்டு மாசம் இருக்கிற ஊட்டில."

"அப்ப இது அங்கதான் விருந்தாளி. இங்க ஊட்டுக்காரன். ஊட்டுக்காரன் தின்கிற சேத்தை வெறுங்கரை எண்டு எழுதினது ஆரு?"

ஐயா எழும்பிச் சேற்றைப் பார்த்தார். கடைசிக் கூட்டம் நின்றது. வடக்குக்குப் போகக் கொழுத்து, முதுகில் செம்பு நிறம் ஏறி நின்றன. எல்லாம் ஒன்றாக எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப அதே சேற்றில் இறங்கின. அவர் திரும்பி வந்து தாள்களை அடுக்கினார். அறிக்கை எழுதி அனுப்புவாராம்.

பளீலா என்னோடு கதைப்பதில்லை. சோறு மட்டும் முன்னால் வைக்கிறாள், சத்தமாக. ஒப்பம் வைத்த பெண்களில் பாதிப்பேர் ஸலாமுக்குப் பதில் சொல்வதில்லை. பரவாயில்லை. நான் சொல்லிக்கொண்டே போவேன்.

உப்பில்லாமல் போடுகிறதற்குப் பெயர் கருவாடு இல்லை என்று அந்த ஊர் ஆட்களிடம் சொல்.

உம்மும்மா


வார்டோ
2012 ஜூன் 29

அன்புள்ள உம்மும்மாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் நல்ல சுகம். இப்போது சூரியன் போவதே இல்லை, ஜன்னலுக்குக் கறுப்புச் சேலை கட்டித் தூங்குகிறோம். நோன்பு வருகிறது. மக்காவின் நேரத்தை வைத்துப் பிடிக்கலாம் என்று இங்குள்ளவர்கள் பேசி முடிவு செய்திருக்கிறோம்.

உங்கள் கடிதத்தை ரிஷாதுக்கு வாசித்துக் காட்டினேன். "எந்த ஊட்டில அவன் விருந்தாளி" என்ற இடத்தில் அவர் எழும்பி ஜன்னலுக்குப் போய்விட்டார்.

மொஸ்கோவிலிருந்து பதில் வந்தது. உங்கள் குருவிக்கு 2009 ஜூலையில் ரஷ்யாவின் வடக்குக் கரையில், ஓர் ஆற்றங்கரையில், குஞ்சாக இருக்கும்போது காப்புப் போட்டிருக்கிறார்கள். உங்கள் கைக்கு வருவதற்குள் குறைந்தது மூன்று தடவை அந்தத் தூரத்தைக் கடந்திருக்குமாம். காப்புக் கிடைத்த இடம் என்று அவர்களுடைய பதிவில் "எத்தாளை" என்று ஏறிவிட்டது. கண்டெடுத்தவர்: உம்மு குல்தூம்.

போன ஞாயிறு ரஷ்யக்காரியோடு பஸ்ஸில் போய், பாசி நிலத்தில் இரண்டு மணி நேரம் நடந்தேன். நுளம்பு முகத்தை மூடியது. என் காலுக்கு மூன்று முழம் தள்ளி, ஒரு குழியில், பொடி உள்ளான் ஒன்று அடைகாத்துக்கொண்டு இருந்தது. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தது, எழும்பவில்லை. நான் அதனிடம், "சேறு அப்படியே இரிக்கி" என்று தமிழில் சொன்னேன். ரஷ்யக்காரி என்ன சொன்னாய் என்று கேட்டாள். ஸலாம் சொன்னேன் என்றேன்.

நானும் உங்களுக்கு ஒன்றை எழுதாமல் விட்டிருந்தேன். நவம்பரில் உங்கள் முதல் கடிதம் வந்த நாள், கட்டிலுக்குக் கீழே என் பெட்டி கட்டி வைத்திருந்தது. ரிஷாதுக்குத் தெரியாது. திரும்பி வந்துவிட இருந்தேன். நீங்கள் கேட்டதை விசாரித்துக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று ஒரு கிழமை தள்ளினேன், பிறகு இன்னொரு கிழமை. நேற்று அதிலிருந்து கடைசிச் சேலையையும் எடுத்து மடித்து அலுமாரியில் வைத்தேன்.

ஸஃப்னா


எத்தாளை
2012 செப்டெம்பர் 21

என் தங்க மகள் ஸஃப்னாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பும் பெருநாளும் நல்லபடியாகப் போயின. முழங்கால் வழக்கம் போல. உங்கள் இருவர் சுகத்தையும் இனி உன் வாய்ச்சொல்லை நம்பியே விட்டுவிடுகிறேன்.

அந்தப் பெட்டியை நான் அறிவேன். அது எப்படி என்று கேட்காதே. ஐந்து பிள்ளை பெற்றவளுக்குப் போனில் பெட்டி கட்டும் சத்தம் கேட்கும்.

ஆவணி இரண்டாம் கிழமை ஏழு குருவி வந்தது. இன்று எண்ண ஏலாது. பளீலாதான் முதலில் கண்டு, "மாமி! உங்கட ரஷ்யாக்காரர் வந்திட்டாங்க!" என்று கத்தினாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசின முதல் கதை அது. தாஹிர் ஹாஜியாருடைய லொறியை விட்டுவிட்டான். இப்போது கற்பிட்டியிலிருந்து வெங்காயம் ஏற்றுகிறான். "ஏண்டா விட்டே?" என்று கேட்டேன். "குருவி நாலு வெங்காயம் எண்டீங்களே, அதான் வெங்காயத்துக்கே போயிட்டேன்" என்கிறான். வாய் மட்டும் என்னைப் போல.

போன செவ்வாய் விசாரணை ஐயா அறிக்கையோடு வந்தார். கரையை இப்போதைக்கு நிரப்பக்கூடாது. இப்போதைக்கு என்பது எவ்வளவு காலம் என்று கேட்டேன், சிரித்தார். அவர் சிரிக்கட்டும், நான் இங்கேதான் இருப்பேன். "வெறுங்கரை" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "விருந்தாளிப் பறவைகள் வந்து தங்கும் கரை" என்று எழுதியிருந்தார். ஆட்சேபித்தவள் என்று என் ஒப்பமும் அதில் வேண்டுமாம். வெல்கிற கடிதத்தில் ஒப்பம் வைக்காதே என்றால் கை கேட்குமா? ஆனாலும் பேனையைக் கீழே வைத்தேன்.

"ஐயா, விருந்தாளி எண்டதை வெட்டுங்க."

"அம்மா, இது டைப் அடிச்சு வந்தது."

"அடிச்சதை வெட்ட ஏலும். நான் எத்தன மீன் வெட்டினவ."

அவரே வெட்டினார். "பறவைகள் வாழும் கரை" என்று மேலே எழுதி, பக்கத்தில் தன் ஒப்பத்தையும் வைத்தார். பிறகு நானும் ஒப்பம் வைக்க, அதற்குக் கீழே ஓர் இடத்தைக் காட்டினார். நிரந்தர முகவரி. ஒரே ஒரு கோடு.

"எத்தாளை எண்டு போடுங்கம்மா."

"எருக்கலம்பிட்டியும் இரிக்கே ஐயா."

"ரெண்டு போட ஏலாது. ஒரு ஆளுக்கு ஒரு கோடுதான்."

நான் வாதாடவில்லை. பேனையை வாங்கி, காப்பில் எழுதினது போலப் பொடிப் பொடி எழுத்தாக அந்த ஒரு கோட்டிலேயே இரண்டு ஊரையும் வீட்டு விவரத்தோடு எழுதி முடித்தேன். ஐயா கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதை ஆர் அம்மா வாசிக்கிறது?"

"கற்பிட்டியில மனுவேல் இரிக்கான். கண்ணாடி தருவான்."

நீ வைகாசியில் குருவி வரும்போது அதே இடத்துக்குப் போய்ப் பார். நான் இங்கே ஆவணியில் பார்க்கிறேன். உனக்கும் ஒரு நாள் ஒற்றைக் கோடு போட்ட படிவத்தை யாராவது நீட்டுவார்கள். இடம் போதாது என்று ஒன்றை விட்டுவிடாதே, மகள். எழுத்தைச் சின்னதாக்கு.

ஸலாத்துடன்,
உம்மு குல்தூம்
எத்தாளை, எருக்கலம்பிட்டி